அவகிட்ட சொல்லு

பிப்ரவரி 11

அண்ணிக்கு,

போன் நம்பரை மாற்றிவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் படம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் வட்டம்தான் இருக்கிறது. அதனால் நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு, பிசியோதெரபி பிரிவு என்று போட்டு அனுப்புகிறேன். யாருடைய முழங்காலையாவது மடக்கி நீட்டிவிட்டு, கை காலியாக இருக்கும்போது இதைப் பிரியுங்கள்.

எட்டு வயதுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நீங்கள் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வாரம் ஆகிறது. மேஜைமேல் வைத்த சீட்டில் ‘நாங்கள் பத்திரமாக இருக்கிறோம், தேட வேண்டாம்’ என்று ஒரே வரி. அண்ணன் அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். கூட ஒன்றும் எழுதவில்லை. நான் போன் செய்தபோது, “அவளுக்கு என்ன குறைன்னே எனக்குத் தெரியல சிட்டு” என்றான். அந்தக் குரலைக் கேட்டிருந்தால் உங்களுக்கே மனசு தாங்கியிருக்காது.

பதினொரு வருடத்தில் அண்ணன் உங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசியிருப்பானா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். குடி உண்டா, கை நீட்டினானா, உங்கள் வேலையை விடச் சொன்னானா?

மோசமான புருஷன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும் அண்ணி. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் ஆறு பேர், ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, ஒரே நேரத்தில் பழைய ஹாலிவுட் படம் பார்ப்போம். மூணு மணிக்கு எல்லோரும் சேர்ந்து பட்டனை அழுத்துவோம். பக்கத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அரட்டை அடிப்போம். யாருக்கும் யார் முகமும் தெரியாது, பட்டப்பெயர்தான். அதில் ஒரு பெண் போன மாதம் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். அப்படிப்பட்ட ஆளை விட்டுப் போனால் அது நியாயம். “இன்னைக்கே கிளம்புங்க” என்று நானே சொன்னேன். அவள் பட்டதில் கால் பங்காவது நீங்கள் பட்டிருப்பீர்களா?

குழந்தையை அப்பாவிடமிருந்து பிரித்து வைப்பது பாவம். பதில் எழுதுங்கள். எழுதாவிட்டால் நேரில் வந்து நிற்பேன்.

சிட்டு


பிப்ரவரி 19

சிட்டுவுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் உனக்கு இது ஒரு அடியாகத்தான் விழும். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் படக் குழுவில் ‘கடைசி வரிசை’ என்ற பெயரில் இருப்பவள் நான்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மேலே படி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீதான் ஒரு பழைய படப் பக்கத்தின் சுட்டியை அனுப்பியிருந்தாய். யாரும் கண்டுகொள்ளவில்லை, நான் மட்டும் திறந்து பார்த்தேன். அங்கேயிருந்து ‘மீசை’ நடத்தும் ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ‘இடைவேளை’ என்ற பெயரில் எல்லோரையும் கலாய்த்துக்கொண்டிருந்தது நீ என்று எனக்கு அப்போது தெரியாது.

உன் கேள்விக்குப் பதில். உன் அண்ணன் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. உண்மை. பதினான்கு மாதமாக அவர் என்னிடம் எந்த வார்த்தையும் பேசியதில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பாய். அவருடைய ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். பாலம் கட்டும் இடத்துக்குப் பதினெட்டு மணி நேரம் நிறுத்தாமல் வண்டி ஓட்டிக்கொண்டு போனதாக அவர் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டே, “பதினெட்டு இல்லீங்க, பதினொண்ணு. நானும்தானே கூட வந்தேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அன்றோடு சரி.

மூன்றாம் நாள் மேஜையில் உட்கார்ந்து, குழந்தையிடம், “அம்மாகிட்ட சொல்லு, சட்டைக்குப் பட்டன் தைக்கணும்னு” என்றார். நான் கையெட்டும் தூரத்தில் நிற்கிறேன். குழந்தை என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. அப்புறம் சொன்னது. அதற்குப் பிறகு எல்லாமே அந்த வழிதான். கரண்ட் பில், விருந்தாளி வருவது, எனக்குக் காய்ச்சலா என்ற விசாரிப்புகூட. குழந்தை பள்ளிக்கூடம் போன நேரத்தில் வீடு செத்துக் கிடக்கும். மற்றவர்கள் முன்னால் என்னைப் பற்றி நல்லபடியாகப் பேசுவார். என்னோடு மட்டும் கிடையாது.

நான் என் கதையைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, படத்தில் அந்த நீள மேஜைக் காட்சி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இந்த முனையில் கணவன், அந்த முனையில் மனைவி. கணவன் சமையல்காரனைக் கூப்பிட்டு, சூப் ஆறிப்போய்விட்டதென்று எஜமானியம்மாவிடம் சொல் என்பான். நீ, “ஹா ஹா, இந்த ஆளு செம” என்று போட்டாய். மீசையும் சிரித்தார். என் கை தானாகத் தட்டிவிட்டது: “எங்க வீட்ல சமையல்காரர் இல்ல. எட்டு வயசுப் பொண்ணு இருக்கா.”

அப்புறம் நீ கேட்டாய், நான் சொன்னேன். நீ என்ன எழுதினாய் என்பதை நான் எழுதி வைத்திருக்கிறேன். “அவனுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா, செவுள்ல ஒண்ணு விட?” என்று கேட்டாய். “ஒரு தங்கச்சி இருக்கா” என்றேன். “அவகிட்ட சொல்லுங்க” என்றாய். “நம்புவாளா?” என்றேன். “நம்பலன்னா அவளும் ஒரு பொண்ணா?” என்றாய்.

புதன்கிழமை நான் கிளம்பிவிட்டேன்.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வேலையிடத்தில் பிரித்தது என் தப்பு.

என் வேலை உங்களுக்குத் தெரியும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பட்டனை அழுத்தினால் நான்தான் பேசுவேன். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களைப் பயப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்பது வருடத்தில் எனக்குப் பேச்சு வராமல் போனதே இல்லை. அன்று நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் ஒரு அம்மா மாட்டிக்கொண்டு, “ஹலோ, யாராச்சும் இருக்கீங்களா? ஹலோ?” என்று கத்துகிறார். நான் வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி என் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கிப் பேசினாள். அரை நாள் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பழைய அரட்டையை எல்லாம் தேடிப் படித்தேன். நான் எழுதினவைதான். ஒரு எழுத்து மாறவில்லை. ‘அவன் மனுஷனே இல்ல’ என்று வேறு எழுதியிருக்கிறேன். அந்த வரியை நீங்கள் எனக்கு எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ‘அப்போது தெரியாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் எப்போது தெரிந்தது? ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று சொன்னபோது, அந்தத் தங்கச்சி நான்தான் என்று தெரிந்தே சொன்னீர்களா? தெரிந்துதான் என்றால், என் கண்ணைக் கட்டி என் அண்ணனை என் வாயாலேயே திட்ட வைத்திருக்கிறீர்கள். ‘சிட்டு, நான்தான் பேசறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இது எனக்குச் செரிக்கவில்லை. அண்ணன் செய்தது உண்மையாகவே இருந்தாலும், நீங்கள் செய்ததும் சரியில்லை.

அன்று அந்தப் படம் முடிவதற்குள் நீங்கள் பாதியில் போய்விட்டீர்கள். முடிவைச் சொல்கிறேன். மனைவி பெட்டியோடு ரயிலடிவரை போகிறாள். கணவன் மழையில் ஓடி வருகிறான். அப்போதுகூட ஒன்றும் பேசவில்லை, குடையை மட்டும் நீட்டுகிறான். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளில் சாய்கிறாள். வயலின் பொழிகிறது. எப்போதும் பாதிப் படத்தில் தூங்கிவிடும் ‘தூக்கம்’கூட அன்று முழித்திருந்தார். படம் முடிந்ததும் மீசை, “இது சரியில்ல. அந்தப் பொண்ணு இதைப் பாக்காம போனதே நல்லது” என்று போட்டார்.

அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எதையும் நம்புவேன். பத்து நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.

சிட்டு


மார்ச் 6

சிட்டு,

தெரிந்துதான் சொன்னேன். அக்டோபரிலேயே தெரிந்துவிட்டது.

ஏதோ ஒரு படத்தில் அண்ணன் தங்கை காட்சி வந்தது. நீ உன் கதையை எழுதினாய். ஆறு வயதில் உன் காலில் ஆணி ஏறியது, பத்து வயது அண்ணன் உன்னைச் சைக்கிளில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிவரை தள்ளிக்கொண்டே போனது, நீ அழக்கூடாது என்பதற்காக வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தது. எங்கள் கல்யாணத்தன்று மைக்கைப் பிடித்து நீ சொன்ன அதே கதை. ‘இடைவேளை’ நீதான் என்று அப்போதுதான் புரிந்தது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், நீ அவரைப் பற்றி எழுதுவதைப் படிக்க எனக்கு ஆசையாக இருந்தது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டு சைக்கிள் தள்ளும் அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது. சொல்லிவிட்டால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அது அவ்வளவு நல்லதில்லை. அண்ணியாக வந்து சொல்லியிருந்தால் நீ என்ன கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். முதல் கடிதத்தில் கேட்டுவிட்டாயே: குடி உண்டா, கை நீட்டினானா. யாரோ ஒரு பெண்ணின் புருஷன் என்றால் நீ என்ன சொல்வாய் என்று ஒரே ஒரு தடவை தெரிந்துகொள்ள நினைத்தேன். உன்னை ஏமாற்றியது தப்புதான். மன்னித்துக்கொள். ஆனால் நீ சொன்ன பதிலைத் திருப்பித் தர மாட்டேன். அது எனக்கு வேண்டும்.

அவரிடம் போய்க் கேள். நல்லபடியாகக் கேள். வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை.

அண்ணி


மார்ச் 23

அண்ணி,

இதை உங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் உட்காரும் நாற்காலி எது என்று தெரியாததால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் இரண்டு நாள் அண்ணன் சந்தோஷமாக இருந்தான். முட்டை பொரித்துக் கொடுத்தான். ஆபீஸ் கதை சொல்லிச் சிரிக்க வைத்தான். எனக்கு உங்கள்மேல் மறுபடி கோபம் ஏறியது. மூன்றாம் நாள் காலையில் டீ குடிக்கும்போது, ரொம்ப மெதுவாகத்தான் கேட்டேன், “ஏண்ணா, நீ அண்ணிகிட்ட ஒரு வருஷமா பேசலியாமே, நெஜமா?”

அவன் என்னைப் பார்த்தான். கோபமே இல்லை. டீயைக் குடித்து முடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான், ஆபீஸுக்குப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் வந்து டிவி போட்டான். “என்ன சாப்பிடற?” என்றேன். பதில் இல்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்டேன். நான் நிற்கும் இடத்தில் ஜன்னல் இருப்பதுபோல, என்னைத் தாண்டிப் பார்த்தான். அப்போது போன் வந்தது. எடுத்து வாய் நிறையச் சிரித்துப் பேசினான். வைத்தான். மறுபடியும் ஜன்னல்.

நாலு நாள் அண்ணி. நீங்கள் பதினான்கு மாதம். எனக்கு நாலே நாளில், நான் இருக்கிறேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. குளியலறையில் போய் என் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். நீங்களும் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அவன் பேச்சை நிறுத்திய அஞ்சாம் நாள் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவன் சித்திக்குப் போன் போட்டு, “சித்தி, இங்க வந்திருக்கறவங்க எந்த ட்ரெயின்ல கிளம்பறாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க” என்றான். வைத்தான். ஒரு நிமிடத்தில் என் போன் அடித்தது. சித்தி! எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு மேஜை.

வாசலுக்குப் போய்ப் பேசினேன். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்படியே உங்கப்பன்தான்டீ. உங்கம்மாவோட வருஷக்கணக்கா பேசமாட்டாரு. நீதானே ரூமுக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கிட்டிருப்ப. நாங்க உனக்குத் தந்தின்னு பேரே வெச்சிருந்தோம், மறந்துட்டியா?”

மறக்கவில்லை. அதுதான் பயங்கரம். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை ஒரு விளையாட்டாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். ‘அம்மாகிட்ட சொல்லு’ என்று அப்பா சொல்வார், நான் பறப்பேன். ஒரு வார்த்தை மாறாமல் சொன்னால் அப்பா மிட்டாய் தருவார். அம்மா தருவது ஒன்றுமில்லை, அடுப்பைப் பார்த்தபடி ‘சரி’ என்பாள். வீட்டிலேயே முக்கியமான ஆள் நான்தான் என்று எனக்கு அவ்வளவு பெருமை. அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகமே வரவில்லை. நான் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

நாளைக்குக் கிளம்புகிறேன். நம்புகிறேன் அண்ணி. எல்லாவற்றையும் நம்புகிறேன். எங்கே வந்து சொல்ல வேண்டுமோ அங்கே வந்து சொல்கிறேன்.

சிட்டு


மார்ச் 31

சிட்டு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். ஆமாம், நானும் குளியலறையில் என் பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பிரிந்து வாழக் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். ஏப்ரல் 15 காலை பதினொரு மணிக்குக் குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார். உறவினர் யாராவது உண்மை தெரிந்தவர் இருந்தால் வரலாம் என்றார்கள். உன்னை வா என்று நான் சொல்ல மாட்டேன். அவர் உனக்கு அண்ணன். அப்புறம் உன்னோடும் ஆயுசுக்கும் பேசாமல் போகலாம். யோசித்துக்கொள்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். இங்கே வந்து முதல் வாரம், நான் ஏதாவது சொன்னால், “யார்கிட்டம்மா சொல்லணும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பதில்லை.

அண்ணி


ஏப்ரல் 17

அண்ணி,

நேற்று முன்தினம் அந்த அறையில் நாம் பேசிக்கொள்ள முடியவில்லை. நீங்கள் குழந்தையைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அறையில் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தீர்கள். அவன் முகத்தை நான்தான் பார்த்தேன். ஆலோசகரம்மா முதலில் என்னிடம் கேட்டார், நான் சொன்னேன். அவன் அசையவில்லை. அப்புறம் அவனிடம், “உங்க தரப்புல என்ன சொல்லணுமோ சொல்லுங்க” என்றார். அவன் எவ்வளவு மரியாதையாக முன்னால் சாய்ந்து, எவ்வளவு இனிமையான குரலில் சொன்னான், கேட்டீர்களா? “மேடம், அவங்ககிட்ட சொல்லுங்க. நான் அவங்களை ஒரு வார்த்தை தப்பா பேசினதே இல்லைன்னு.”

ஆலோசகரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “சார், அவங்க உங்க எதிர்லதான் உட்கார்ந்திருக்காங்க. நீங்களே சொல்லுங்க” என்றார்.

அவன் உங்கள் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான். வீம்பு பிடிக்கிறான் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இல்லை அண்ணி. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்ணில் பயம். தண்ணீரில் விழுந்த பிள்ளைமாதிரி என்னைப் பார்த்தான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் குரலைத்தான் நான் கேட்டிருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் போன பிறகு வராந்தாவில் நின்றிருந்தான். நான் தாண்டிப் போனபோது கையைப் பிடித்தான். நாலு வாரம் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை: “அவகிட்ட சொல்லு, சிட்டு…”

அவன் கண் கலங்கியிருந்தது. உள்ளே என்ன இருந்ததோ, நல்லதாகத்தான் இருந்திருக்கும். எனக்குக் கேட்டுவிட வேண்டும்போல் இருந்தது. கேட்டால் உங்களிடம் ஓடி வந்திருப்பேன், ஒரு வார்த்தை மாறாமல் சொல்லியிருப்பேன்.

“மாட்டேன்” என்றேன். “அவங்க போன் நம்பர் அந்த ஆபீஸ்ல குடுத்திருக்காங்க. நீயே சொல்லு.”

கையை உதறிக்கொண்டு நடந்தேன். தெருமுனை திரும்பியதும் ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் செய்தது சரியா தப்பா, எனக்கு இன்னும் தெரியவில்லை. அவன் என்ன சொல்ல வந்தான் என்பதும் தெரியவில்லை.

சிட்டு


ஏப்ரல் 30

சிட்டு,

நேற்று மத்தியானம் ஒரு பாட்டியின் தோளைத் தூக்கிப் பிடித்திருந்தபோது போன் அடித்தது. தெரிந்த நம்பர். கையைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்.

மூச்சுதான் கேட்டது. நான் ‘ஹலோ’ என்றுகூடச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. இரண்டு சக்கர நாற்காலிகள் என்னைத் தாண்டிப் போயின. பிறகு வந்தது.

“பாப்பாகிட்ட போனைக் குடு.”

பதினாறு மாதத்துக்கும் மேல். அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் சிட்டு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை ராத்திரி அந்தக் குரலுக்குக் காத்திருந்தேன்! இப்போது காதுக்குள் வந்து விழுந்தபோது, யாரோ தெரியாதவர் பேசுவதுபோல் இருந்தது.

“அவ ஸ்கூல்ல இருக்கா. நாலு மணிக்குக் கூப்பிடுங்க” என்றேன்.

உடனே வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. “சரி” என்றார். எனக்கு, என்னிடம், நடுவில் யாரும் இல்லாமல்.

நான் திரும்பிப் போகப்போவதில்லை. அது உனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். நாலு மணிக்குக் கூப்பிட்டார். குழந்தை பத்து நிமிடம் பேசினாள். முடித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அண்ணி